கையும் களவுமாகப் பிடிக்க முடியாத களவு

பந்தயக் காரின் பின்சக்கரங்கள் தரையைப் பற்றாமல் வழுக்கிச் சுழலத் தொடங்கியதும், ஓட்டுநரின் கால் சுதாரிப்பதற்கு முன்பே அதை உணர்ந்து என்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும் மின்னணு ஏற்பாட்டுக்கு ‘டிராக்‌ஷன் கன்ட்ரோல்’ என்று பெயர். சாலையில் ஓடும் கார்களில் இது உயிர் காக்கும் வசதி. இன்று நடுத்தர விலைக் கார்களிலும் சில பைக்குகளிலும்கூட வருகிறது. பந்தயத்தில் மட்டும் பல இடங்களில் இது திருட்டு. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கலாம் என்று காலாலேயே அளந்து பார்ப்பதுதான் பந்தய ஓட்டுநரின் தொழில். அந்தத் தொழிலை ஒரு சிப் செய்துவிட்டால் கோப்பையை யாரிடம் கொடுப்பது?

டயர் துளியும் வழுக்காமல் உருளும்போது அதன் பிடிமானம் உச்சத்தில் இருப்பதில்லை. கார் போகிற வேகத்தைவிடச் சக்கரம் சற்றே கூடுதலாகச் சுழலும்போதுதான் ரப்பர் தரையை அதிகமாகக் கவ்வும். தோராயமாக நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால் நல்ல பிடி. அதைத் தாண்டினால் பிடி விட்டுவிடும், டயர் காய்ந்து தேயும், காரின் வால் பக்கவாட்டில் வீசும். அந்த மெல்லிய கோட்டின் மேலேயே நிற்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் சில டஜன் பேர்தான். கணினிக்கு இது பெரிய வித்தையல்ல. முன்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது, பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் அளவு மீறினால் ஓரிரு சிலிண்டர்களுக்குப் போகும் தீப்பொறியை ஒரு கணம் நிறுத்தும், மறுகணம் திரும்பக் கொடுக்கும். ஒரு நொடிக்குள் இது பல முறை நடந்து முடிந்துவிடும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். வெளியில் நிற்பவருக்குத் தெரிவது ஒலி மட்டும்தான்: சீராக ஏற வேண்டிய என்ஜின் குரல் விட்டுவிட்டு இருமும்.

இதன் உடன்பிறப்புகள் பல. பந்தயம் தொடங்கும் விளக்கு அணைந்ததும் கிளட்சையும் என்ஜினையும் தானே கையாண்டு காரைப் பறக்கவிடும் ‘லாஞ்ச் கன்ட்ரோல்’, தானாக மாறும் கியர், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ், சாலையின் மேடு பள்ளத்துக்கேற்பக் காரின் உயரத்தைக் கணினியே சரிசெய்யும் ‘ஆக்டிவ் சஸ்பென்ஷன்’ எல்லாம் ஒரே குடும்பம். கடைசியாகச் சொன்னதை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதலில் கொண்டுவந்தது லோட்டஸ் அணி, 1983-இல். அதே அணியின் காரில் 1987-இல் அயர்டன் சென்னா மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் வென்றார். ஆனால் அதை முழு ஆயுதமாகத் தீட்டியது வில்லியம்ஸ் அணிதான். 1992-இல் நைஜல் மான்செல் 16 பந்தயங்களில் 9-ஐ வென்று, ஆகஸ்ட் மாதத்திலேயே உலகப் பட்டத்தை முடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அலென் ப்ராஸ்ட் ஓட்டிய வில்லியம்ஸ் காரில் மேலே சொன்ன பட்டியல் ஏறத்தாழ முழுமையாகவே இருந்தது.

போட்டியை நடத்தும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வுக்கு இது பிடிக்கவில்லை. செலவு மலைபோல ஏறியது, பந்தயம் பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டியது. 1993-ஆம் ஆண்டு கனடா பந்தயத்தின்போது, ஒரு சின்ன அணியைத் தவிர மற்ற எல்லாருடைய கார்களும் விதிக்குப் புறம்பானவை என்று அதன் தொழில்நுட்ப அதிகாரி அறிக்கை கொடுத்தார். ஓட்டுநர் தனியாக, உதவியின்றிக் காரை ஓட்ட வேண்டும் என்ற பழைய விதிதான் அதற்கு ஆதாரம். ஊரே குற்றவாளி என்றால் தண்டிப்பது யாரை? பேச்சு நடந்தது, சமரசம் ஆனது. 1994 முதல் இந்த உதவிகள் எல்லாவற்றுக்கும் தடை.

தடை போடுவது எளிது. அது மதிக்கப்படுகிறதா என்று பார்க்க அப்போது எஃப்.ஐ.ஏ.விடம் கருவியும் இல்லை, ஆளும் இல்லை.

அந்த ஆண்டின் இரண்டாவது பந்தயம் ஏப்ரல் 17 அன்று ஜப்பானின் ஐடா தடத்தில் நடந்தது. முதல் வளைவிலேயே இடிபட்டு வெளியேறிய சென்னா உடனே அறைக்குத் திரும்பவில்லை. தடத்தின் ஓரமாக நின்று, மைக்கேல் ஷூமாக்கர் ஓட்டிய பெனட்டன் காரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் காதும் அந்தக் காரின் மீது சந்தேகம் கொண்டன. அதே வார இறுதியில் ஃபெராரி அணியின் நிக்கோலா லாரினி, பயிற்சி ஓட்டத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்ததாக இத்தாலியப் பத்திரிகையாளர்களிடம் வாய்தவறிச் சொன்னதாகச் செய்தி பரவியது. பிறகு மறுப்பு வந்தது. ஆக, தடை வந்த இரண்டாவது பந்தயத்திலேயே யாரும் யாரையும் நம்பவில்லை. இரண்டு வாரம் கழித்து, மே 1 அன்று, இமோலா தடத்தில் சென்னா விபத்தில் இறந்தார்.

இமோலாவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் பெனட்டனின் ஷூமாக்கர், ஃபெராரியின் லாரினி, மெக்லாரனின் மிக்கா ஹாக்கினன். இந்த மூன்று கார்களின் கணினி நிரலையும் ஆராயும்படி இங்கிலாந்தைச் சேர்ந்த லிவர்பூல் டேட்டா ரிசர்ச் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்திடம் எஃப்.ஐ.ஏ. கேட்டுக்கொண்டது. மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று அலசுவது அந்த நிறுவனத்தின் தொழில். ஃபெராரி ஒத்துழைத்தது. மற்ற இரண்டு அணிகளும், எழுதிய நிரல் எங்கள் சொத்து, மூல நிரலைத் தர முடியாது என்று முதலில் கைவிரித்தன. இருவருக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. பிறகுதான் நிரல் கைக்கு வந்தது.

வந்ததில் கிடைத்தது இன்றுவரை பேசப்படுகிறது. பெனட்டன் காரின் கணினியோடு ஒரு மடிக்கணினியை இணைத்தால் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் 10 வரிகள். பத்தாவதோடு பட்டியல் முடிந்ததுபோலத் தெரியும். ஆனால் அதற்குக் கீழேயும் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டே போய், திரையில் எதுவுமே எழுதப்படாத 13-ஆவது இடத்தில் நிறுத்தி அழுத்தினால் லாஞ்ச் கன்ட்ரோல் உயிர்பெறும். அதற்குப் பிறகு ஓட்டுநர் கியர், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் போதும், புறப்பாட்டைக் கார் பார்த்துக்கொள்ளும். இது சோதனை ஓட்டங்களுக்காக எழுதியது, நிரலைத் திரும்பத் தொகுத்தால்தான் வேலை செய்யும் என்று அணி சொன்னது. ஒரு மடிக்கணினியே போதும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியானால் ஏன் மறைத்து வைத்தீர்கள் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை என்று எஃப்.ஐ.ஏ.வின் அறிக்கை பதிவு செய்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு தண்டனை என்ன? ஒன்றுமில்லை. கருவி இருந்தது என்பதற்குச் சான்று உண்டு, பந்தயத்தில் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இமோலாவைப் பொறுத்தவரை பயன்படுத்தவில்லை என்றே கிடைத்த தடயங்கள் காட்டின. மெக்லாரனின் நிரலில் கியர் தானாக மேலேறும் வசதி அகப்பட்டது, அவர்களும் தப்பினார்கள். ஜூலை தொடக்கத்தில் பிரான்ஸின் மான்யி-கூர் தடத்தில், மூன்றாவது இடத்திலிருந்து புறப்பட்ட ஷூமாக்கர் முன்னால் நின்ற இரண்டு வில்லியம்ஸ் கார்களையும் முதல் வளைவுக்குள்ளேயே தாண்டிப்போனார். அற்புதமான கால் என்பார் ஒருவர், அற்புதமான நிரல் என்பார் இன்னொருவர். எது உண்மை என்று அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் சொல்ல முடியாது. அந்த ஆண்டுப் பட்டத்தை ஷூமாக்கர் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

இரும்பில் செய்யும் திருட்டு வேறு மாதிரி. 1995-இல் ஸ்பெயினின் காட்டலோனியா ராலியில் டொயோட்டா அணி பிடிபட்டது. என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வளையத்தைப் பொருத்தும்போதே சுருள்வில் ஒன்றால் சற்றுத் தள்ளிப்போய், காற்றுக்குக் குறுக்குவழி திறந்துவிடும்படி நுணுக்கமாகச் செய்திருந்தார்கள். பரிசோதகர்கள் கழற்றினால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். அப்போதைய எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லியே அந்த வேலைப்பாட்டை வியந்து பேசினார், வியந்துகொண்டே அணிக்கு 12 மாதத் தடை விதித்தார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு புகைப்படக்காரர், மெக்லாரன் காரின் பின் பிரேக் பிடிக்கக் கூடாத இடத்தில் சிவந்து ஒளிர்வதைத் தன் படங்களில் கண்டார். நூர்பர்க்ரிங் தடத்தில் ஓடாமல் நின்றுவிட்ட காரின் ஓட்டுநர் குழிக்குள் கேமராவை விட்டுப் படமெடுத்தார். யாரும் அறியாத கூடுதல் பிரேக் மிதி ஒன்று அதில் பதிவாகியிருந்தது. வளையமோ மிதியோ, மேசை மேல் எடுத்து வைக்கக்கூடிய பொருள். நிரலை எந்த மேசையில் வைப்பது?

அதோடு, டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று காரில் தனியாக எதையும் பொருத்த வேண்டியதே இல்லை. என்ஜினை நடத்தும் கணினி ஏற்கெனவே இருக்கிறது. அதை இ.சி.யு. என்பார்கள். சக்கர வேகத்தை அளக்கும் சென்சார்கள் வேறு வேலைக்காக இருக்கின்றன. தீப்பொறியை நிறுத்தும் வசதி எல்லா என்ஜினிலும் உண்டு, அளவு மீறிச் சுழன்று என்ஜின் வெடித்துவிடாமல் காப்பதே அதன் வேலை. திருட்டுக்குத் தேவையான கன்னக்கோலும் ஏணியும் வீட்டுக்காரருடைய கொட்டகையிலேயே கிடக்கின்றன. நடுவில் சில வரி நிரல் சேர்த்தால் வேலை முடிந்தது.

சக்கரத்துச் சென்சாரைப் பிடுங்கிவிட்டால் நின்றுவிடுமா என்றால் அதுவும் இல்லை. சக்கரம் வழுக்கினால் என்ஜினின் சுழற்சி சட்டென்று எகிறும். ஒவ்வொரு கியரிலும் நியாயமான முடுக்கம் எவ்வளவு என்று கணினிக்குச் சொல்லிவைத்தால், அதைத் தாண்டும்போது வழுக்குகிறது என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். என்ஜின் சுழற்சியை அளக்காமல் எந்த என்ஜினும் ஓடாது, எனவே அந்தச் சென்சாரைத் தடைசெய்ய வழியே கிடையாது. இன்னும் நாசூக்கான வழி, எதையும் அளக்காமல் இருப்பது. இந்தத் தடத்தின் இந்த வளைவில் இரண்டாம் கியரில் இவ்வளவுக்கு மேல் இழுவை தாங்காது என்பது பயிற்சி நாளிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணை முன்கூட்டியே நிரலில் எழுதி வைத்துவிடலாம். இது வழுக்கலைக் கண்டு தடுப்பதல்ல, வழுக்கவே விடாமல் அடக்கி வைப்பது. விதியில் எந்தச் சொல்லின் கீழ் இதைக் கொண்டுவருவது என்று வழக்கறிஞர்கள் நாள்கணக்கில் வாதாடலாம்.

பரிசோதகரின் பாடு இங்கேதான் திண்டாட்டமாகிறது. எழுதிய மூல நிரலைக் காட்டினாலும், கணினியில் ஏற்றப்பட்டது அதே நிரல்தானா என்று தனியாக ஒப்பிட வேண்டும். ஏற்றியிருப்பது மனிதர் படிக்கிற மொழியில் இருக்காது, வெறும் எண்களாக இருக்கும். பந்தயம் முடிந்து மின்சாரம் நின்றதும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் துண்டு நிரல் எழுதுவது கெட்டிக்காரப் பொறியாளருக்குப் பெரிய காரியமல்ல. என்ஜினைப் பாதுகாக்க எழுதிய பகுதி எது, வழுக்கலை அடக்க எழுதிய பகுதி எது என்று பிரித்துச் சொல்வதும் கடினம், ஒரே பகுதியே இரண்டையும் செய்யலாம். அணிக்கு இதில் நூறு பேர் வேலை செய்தால், எஃப்.ஐ.ஏ.வின் பக்கம் ஒரு கைவிரல் எண்ணிக்கைகூடத் தேறாது. தேர்வு அறையில் பிட் அடிப்பவனைப் பிடிக்கலாம். விடைத்தாளைக் கொடுத்த மறுகணம் மாயமாகும் பிட்டை எப்படிப் பிடிப்பது?

ஏழு ஆண்டுகள் இந்த இழுபறி நீடித்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் யாரோ ஒருவருடைய என்ஜின் இருமுவதாக இன்னொருவர் புகார் சொல்வார். நேர்மையாக ஓட்டிய அணிகளுக்குத் தாங்கள்தான் ஏமாளிகளோ என்ற பயம். ஏமாற்றிய அணி எதுவாக இருந்தாலும் அதற்கு எந்தப் பயமும் இல்லை. கடைசியில் எஃப்.ஐ.ஏ. கைகளைத் தூக்கிவிட்டது. 2001 ஏப்ரல் 29 அன்று பார்சிலோனாவில் நடந்த ஸ்பெயின் பந்தயம் முதல் டிராக்‌ஷன் கன்ட்ரோல், லாஞ்ச் கன்ட்ரோல், தானியங்கி கியர் மூன்றும் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. காவல் காக்க முடியாத சட்டத்தைவிடச் சட்டமே இல்லாதது மேல் என்ற முடிவு அது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மைக்காகவாவது எஃப்.ஐ.ஏ.வைப் பாராட்ட வேண்டும். முதல் நாளே வேடிக்கை ஒன்றும் நடந்தது. மெக்லாரனின் டேவிட் கூல்ட்ஹார்டின் கார், பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றுக்குப் புறப்படும்போதே நின்றுபோனது. எல்லாருக்கும் பின்னால் கடைசியிலிருந்து அவர் தொடங்க வேண்டியதாயிற்று.

2004-இல் லாஞ்ச் கன்ட்ரோலுக்கும் தானியங்கி கியருக்கும் மறுபடி தடை வந்தது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் தொடர்ந்தது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். 2005-இல் அவர் ஜோர்டன் காரை ஓட்டியபோது இந்த வசதி சட்டப்படி செல்லும். 2011-இல் எச்.ஆர்.டி. அணியில் திரும்பி வந்தபோது அது குற்றம். ஒரே ஓட்டுநர், ஒரே வலது கால், ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய கணக்கு வேறு.

இடையில் 2008-இல் நடந்த மாற்றம்தான் இந்தக் கதையின் திருப்பம். திருடனைத் துரத்துவதை எஃப்.ஐ.ஏ. கைவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டது. எல்லா அணிகளும் ஒரே வகை இ.சி.யு.வைத்தான் பயன்படுத்த வேண்டும், அதற்குள் ஓடும் நிரலும் எல்லாருக்கும் ஒன்றே என்று விதி வந்தது. பெட்டியைச் செய்து கொடுத்தது மெக்லாரன் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ், கூட்டாளி மைக்ரோசாஃப்ட். போட்டி அணியின் சகோதர நிறுவனம் செய்த பெட்டியை நம் காரில் வைப்பதா என்று மற்ற அணிகள் முணுமுணுத்தன, ஆனாலும் ஏற்றுக்கொண்டன. விதியின் வாசகமும் இறுகியது. சக்கரம் வழுக்குவதைத் தடுக்கக்கூடிய எந்த ஏற்பாடும், ஓட்டுநர் தேவைக்கு மேல் மிதித்துவிட்டால் ஈடுசெய்யும் எந்த ஏற்பாடும் காரில் இருக்கக் கூடாது. வழுக்கப்போகிறது என்று ஓட்டுநரை எச்சரிப்பதுகூடக் கூடாது. பயன்படுத்தினாயா என்ற கேள்வியே போய்விட்டது. செய்யக்கூடியது என்றாலே குற்றம். பெனட்டன் பட்டியலின் 13-ஆவது வரி இந்த வாசகத்தின் முன் ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.

புதிய விதியின் கீழ் முதல் பந்தயம் மெல்போர்னில் நடந்தது. 22 கார்கள் புறப்பட்டன. கொடி அசைந்தபோது ஓடிக்கொண்டிருந்தவை 7, அதிலும் ஒன்று பிறகு தகுதியிழந்தது. எல்லாவற்றுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லாததே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கார்களின் வால் ஆடியதைப் பார்வையாளர்கள் நெடுநாளுக்குப் பிறகு கண்குளிரப் பார்த்தார்கள்.

பெட்டி பொதுவானாலும் அதற்குள் போடும் எண்கள் அணிக்கு அணி வேறு. ஆக்ஸிலரேட்டரை இவ்வளவு மிதித்தால், இவ்வளவு சுழற்சியில், என்ஜின் இவ்வளவு டார்க் (முறுக்குவிசை) தர வேண்டும் என்ற அட்டவணையை அணிதான் எழுதும். சண்டை அந்த அட்டவணைக்குள் குடியேறியது. 2012 ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்ம் தடத்தில், ரெட் புல் கார்களின் அட்டவணையில் நடுத்தரச் சுழற்சியில் டார்க் முந்தைய பந்தயங்களைவிடக் குறைத்து எழுதப்பட்டிருப்பதை எஃப்.ஐ.ஏ. அதிகாரி ஜோ பாயர் கண்டுபிடித்தார். டார்க் குறைந்தால் வளைவிலிருந்து வெளிவரும்போது சக்கரம் அவ்வளவு எளிதில் வழுக்காது, கூடவே புகைபோக்கிக் காற்றைக் காரின் பின்புறத்தைத் தரையோடு அழுத்தவும் பயன்படுத்தலாம். நடுவர்களின் தீர்ப்பு சுவையானது. அணி சொன்ன வாதங்களை முழுவதும் ஏற்கவில்லை என்றார்கள். ஆனால் விதி எழுதப்பட்டிருக்கும் வாசகப்படி பார்த்தால் மீறல் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அடுத்த பந்தயத்துக்குள் வாசகம் மாறியது. ஒவ்வொரு அணியும் ஏற்கெனவே பயன்படுத்திய ஓர் அட்டவணையை அளவுகோலாகக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

சந்தேகம் மட்டும் சாகவில்லை. 2013-இல் சிங்கப்பூரில் செபாஸ்டியன் வெட்டல் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டபோது, அவருடைய என்ஜின் ஒலி பழைய டிராக்‌ஷன் கன்ட்ரோல் நாள்களை நினைவூட்டுகிறது என்று முன்னாள் அணி உரிமையாளர் ஜியான்கார்லோ மினார்டி வெளிப்படையாகவே சொன்னார். எதுவும் நிரூபணமாகவில்லை. ஒலியைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் எப்போதும் ஆபத்து உண்டு. சிலிண்டர்களை அணைத்து எரிபொருள் மிச்சப்படுத்தினாலும் என்ஜின் இருமும், சுழற்சியின் உச்சவரம்பைத் தொட்டாலும் இருமும், உண்மையிலேயே கோளாறு என்றாலும் இருமும். காது சாட்சி சொல்லும், குறுக்கு விசாரணையில் நிற்காது.

ஓட்டுநருக்கு உதவக் கூடாது என்ற விதியை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2016 ஒரு பாடம். கார் கணினிமயமாகிவிட்டதால் பொறியாளர்கள் வானொலி வழியே சொல்லும் யோசனைகளையும் உதவியாகக் கருதி எஃப்.ஐ.ஏ. கட்டுப்படுத்தியிருந்தது. அந்த ஆண்டு சில்வர்ஸ்டோனில் நிக்கோ ரோஸ்பெர்கின் கார் 7-ஆவது கியரில் மாட்டிக்கொண்டது. அந்தக் கியரில் நிற்காமல் தாண்டிப் போ என்று அணி அவருக்குச் சொன்னது. இதற்கு 10 நொடி தண்டனை, இரண்டாம் இடம் மூன்றாம் இடமானது. பார்த்தவர்களுக்கே சங்கடமாக இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன.

சான்று கிடைக்காமல் திணறுவது டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு நிற்கவில்லை. 2019-இல் ஃபெராரி என்ஜினின் திடீர் வேகம் மற்ற அணிகளை உறுத்தியது. எரிபொருள் பாயும் அளவை அளக்கும் சென்சாரை ஏமாற்றுகிறார்களோ என்று பேசிக்கொண்டார்கள். விசாரித்த எஃப்.ஐ.ஏ., 2020 பிப்ரவரி கடைசியில், அந்த அணியோடு ரகசிய உடன்பாட்டுக்கு வந்துவிட்டதாக ஓர் அறிக்கை விட்டது. ஃபெராரி என்ஜினைப் பயன்படுத்தாத 7 அணிகள் கூட்டாகக் கொதித்தெழுந்தன. முழுத் திருப்தி இல்லைதான், ஆனால் விஷயத்தின் சிக்கலால் மீறலை ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க இயலாது என்று விளக்கம் வந்தது. ஃபெராரி தவறு செய்ததாக எங்கும் தீர்ப்பாகவில்லை. 1994-இல் எழுதிய வாக்கியத்தையே 26 ஆண்டு கழித்து வேறு சொற்களில் எழுதியதுபோல இருந்தது. மாறியது ஒன்றுதான்: 2020 கார்களில் இரண்டாவதாகவும் ஓர் எரிபொருள் சென்சார் பொருத்தச் சொன்னார்கள்.

இதே நோய் சாலைக் கார்களையும் தாக்கியது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உலகமெங்கும் விற்ற சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வாகனங்களில், புகைச் சோதனை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் நிரல் இருந்தது 2015-இல் வெளியானது. அரசு ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்தும் அகப்படவில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக்கருவியைக் காரிலேயே கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்த அளவுகள்தான் குட்டு உடையக் காரணமாயின. நிரலைப் படித்து யாரும் பிடிக்கவில்லை, நடத்தையை அளந்து பிடித்தார்கள்.

பொதுப் பெட்டி இருந்தும் ஓட்டை விழும் என்பதை அமெரிக்காவின் இண்டிகார் தொடர் 2024-இல் காட்டியது. அங்கே காரில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் சில நொடிகளுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும். பந்தயம் தொடங்கும்போதும், விபத்துக்குப் பிறகு மீண்டும் தொடங்கும்போதும் அது வேலை செய்யக் கூடாது என்பது அப்போதைய விதி. அதைப் பூட்டுவதும் திறப்பதும் பந்தய நிர்வாகத்தின் கையில். மார்ச் 10 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருப் பந்தயத்தில் பென்ஸ்கி அணியின் ஜோசஃப் நியூகார்டன் வென்றார், யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆறு வாரம் கழித்து லாங் பீச்சில் காலைப் பயிற்சி ஓட்டத்தின்போது நிர்வாகத்தின் மென்பொருளில் ஏதோ கோளாறு. எந்தக் காரிலும் பொத்தான் வேலை செய்யவில்லை. பென்ஸ்கி அணியின் மூன்று கார்களில் மட்டும் செய்தது. அதன் பிறகுதான் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். நியூகார்டனும் மூன்றாவதாக வந்த ஸ்காட் மெக்லாக்லினும் தகுதியிழந்தார்கள், பொத்தானை அழுத்தாத வில் பவருக்கும் 10 புள்ளிகள் பறிபோயின, வெற்றி பாட்டோ ஓ'வார்டுக்குப் போனது. சோதனை ஓட்டத்துக்காக ஏற்றிய நிரலைத் தவறுதலாக நீக்காமல் விட்டுவிட்டோம் என்றது அணி. பெனட்டன் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அணியின் உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கியே இண்டிகார் தொடருக்கும் உரிமையாளர் என்பதால் சங்கடம் இரட்டிப்பானது. இன்னொரு கோளாறு அன்று காலை நடந்திராவிட்டால் இந்தக் கோளாறு வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பைக் பந்தயக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். மோட்டோஜிபியில் 2016 முதல் எல்லாருக்கும் மாக்னெட்டி மரெல்லி பெட்டி, எல்லாருக்கும் ஒரே நிரல். அந்த நிரலுக்குள் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு, யாரும் ஒளிக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் சூப்பர்பைக் தொடர் 2012 முதல் பொதுப் பெட்டியைக் கொடுத்து உதவிகளை முற்றாக வெட்டிவிட்டது. ஜிடி3 கார் பந்தயங்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் சட்டபூர்வமானவை, அங்கே பணக்கார அமெச்சூர்களும் தொழில்முறை ஓட்டுநர்களும் ஒரே காரை மாறி மாறி ஓட்டுவதால் அது நியாயமும்கூட. அனுமதித்தாலும் சரி, தடுத்தாலும் சரி, பெட்டி நடத்துபவர் கையில் இருந்தால் சண்டை குறைகிறது.

பெரிய அமைப்பும் பணமும் இல்லாத கிளப் பந்தயங்களில்தான் நிலைமை மோசம். சுழற்சி எகிறுவதை மட்டும் கவனித்துத் தீப்பொறியைக் குறைக்கும் கையடக்கப் பெட்டி கடையில் விற்கிறது. தீப்பொறிக்குப் போகும் ஒயரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் கம்பிக் கற்றைக்குள் கண்ணில் படாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச் விளக்கோடு பானெட்டுக்குள் தலையை விடும் பரிசோதகர் நிரலைப் படிக்கப் போவதில்லை. ஆனால் ஒரே வகைக் கார் ஓடும் பல தொடர்களில் அவரிடம் மலிவான ஓர் உபாயம் இருக்கிறது: முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு கார்களின் இ.சி.யு.க்களைக் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்திவிடுவது. வேகம் ஓட்டுநரோடு போகிறதா பெட்டியோடு போகிறதா என்பது அடுத்த மூன்று சுற்றுகளில் தெரிந்துவிடும்.